பத்து மணிக்குத் தோட்டம்

வெள்ளிக்கிழமை இரவு படுக்கப் போவதற்கு முன், நாட்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் என் வீட்டுக்காரர் மறுநாளுக்கான அட்டவணையை எழுதுவார். மலேசியாவில் பினாங்குத் தீவுக்கும் எதிர்க்கரைப் பட்டர்வொர்த்துக்கும் இடையே ஓடும் பெர்ரியில் முப்பத்தேழு வருடம் வேலை பார்த்த பழக்கம். முதலில் கரையில் கயிறு கட்டினார், பிறகு என்ஜின் அறைக்குப் போனார். நாங்கள் இருவரும் 2016இல் ஒன்றாகத்தான் ஓய்வு பெற்றோம். நான் கைக்கடிகாரத்தைக் கழற்றி அலமாரியில் போட்டேன். அவருக்கு இன்னும் எல்லாமே ஒரு கரையிலிருந்து புறப்பட்டு மறுகரையில் சேர வேண்டும், அதுவும் நேரத்துக்குச் சேர வேண்டும்.

புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமைக்கான தாளில் இப்படி இருந்தது: ஐந்தரைக்கு எழுதல், ஏழுக்குப் பசார், எட்டரைக்குச் சமையல், பத்துக்குத் தோட்டம், பன்னிரண்டரைக்குப் படையல், மூன்றுக்குச் சிறிது ஓய்வு, ஐந்துக்குப் பட்டர்வொர்த். சமையல் என் வேலை, நேரம் போடுவது அவர் வேலை. இந்தப் பாகப்பிரிவினை எங்கள் வீட்டில் முப்பது வருடங்களுக்கு மேலாக நடக்கிறது.

எனக்கு உறுத்தியது சமையல் இல்லை, ‘பத்துக்குத் தோட்டம்’ என்ற வரி. என்ன தோட்டம் என்று கேட்டேன். பக்கத்துத் தாமான் குடியிருப்பில் மலையடிவாரத்துக் காலி நிலத்தில் குடியிருப்பாளர்கள் சேர்ந்து காய்கறி போட்டிருக்கிறார்களே, அதுதான் என்றார். அன்று யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாமாம், கன்றுகள் கொடுப்பார்களாம். கீழ்வீட்டுச் சீன அங்கிள் கூப்பிட்டிருக்கிறார். சரி, போகலாம். ஆனால் அதைத் ‘தோட்டம்’ என்று எழுதாமல் வேறு ஏதாவது எழுதியிருக்கலாம்.

இந்த நாட்டுத் தமிழர்களுக்குத் தோட்டம் என்றால் பூந்தோட்டமோ காய்கறித் தோட்டமோ உடனே நினைவுக்கு வராது. ரப்பர் தோட்டம்தான் வரும். ஆயிரக்கணக்கான ஏக்கர் பால்மரம், நிரை நிரையாக. லயத்து வீடுகள், ஆயாக்கொட்டகை, ஒரு மாரியம்மன் கோவில், ஒரு தமிழ்ப்பள்ளி, ஒரு கள்ளுக்கடை. ஒருமுறை திருச்சிப் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருந்தபோது, பேச்சுவாக்கில் “நான் தோட்டத்தில் பிறந்தவள்” என்று சொன்னேன். அந்த அத்தை முறையுள்ள பெரியவர் கண்கள் விரிய, “அப்படியா, எத்தனை ஏக்கர் இருந்தது?” என்று கேட்டார். இரண்டாயிரத்துச் சொச்சம் ஏக்கர் இருக்கும் என்றேன். அதற்குப் பிறகு அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த மரியாதையை நான் கெடுத்துக்கொள்ளவில்லை.

அந்த இரண்டாயிரத்துச் சொச்சம் ஏக்கரில் எங்களுக்குச் சொந்தமாக ஒரு முருங்கை மரம் இருந்தது. அதுவும் லயத்தின் பின்புறம், தோட்டத்து நிலத்தில். நிபோங் திபால் பக்கம் இருந்த தோட்டம் அது. ரப்பர் வருவதற்கு முன் அந்த வட்டாரமே கரும்பு. தென் செபராங் பிறைக்குத் தமிழர்களைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் முதலில் கொண்டுவந்து இறக்கியது கரும்புக்குத்தான். பிறகு கரும்பு போய் ரப்பர் வந்தது, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனையும் போய் இப்போது பாதி இடத்தில் இணைவீடுகள் நிற்கின்றன.

அம்மா பால் வெட்டினார். விடியற்காலை பெரட்டுக்குப் போய் நிற்பார், பெயர் கூப்பிட்டதும் பால் சுமக்கும் காண்டாவாளியோடு நிரைக்குப் போவார். நான் ஐந்தாம் படிவம் முடித்த அன்று அம்மா சொன்னது ஒன்றே ஒன்றுதான்: “இனிமேல் நீ தோட்டத்துக்குப் போகக் கூடாது.” தோட்டத்துக்குப் போவது என்றால் வேலைக்குப் போவது. 1980இல் நான் பாயான் லெப்பாஸ் சுதந்திர வர்த்தக வட்டாரத்தில் ஓர் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் சேர்ந்தேன். அந்த வட்டாரம் 1972இல் திறந்தது. எங்களைப் போல் லயத்திலிருந்தும் கம்போங்கிலிருந்தும் வந்த பெண் பிள்ளைகளால்தான் அதன் ஷிஃப்டுகள் ஓடின. மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டு, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சில்லில் ஒட்டும் வேலை. முப்பத்தாறு வருடம் குளிர்சாதன அறையில் இருந்தேன். கையில் மண் படவில்லை. அம்மா கேட்டது அதுதானே.

தீவுக்குப் பாலம் 1985இல்தான் வந்தது. அதுவரை லீவு கிடைத்தால் ஊருக்குப் போகப் பெர்ரிதான். மாமா வீட்டார் ஒரு மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பெண் பார்க்க வந்தபோது, காபித் தட்டை நீட்டி நிமிர்ந்தால் எதிரில் உட்கார்ந்திருந்தவர் கயிறு கட்டுகிற ஆள். வேறு எந்த ரகசியமும் இல்லை. பெர்ரியில் ஏறும்போது பார்த்த முகம், அவ்வளவுதான். ஆனால் எங்கள் பேத்திகளிடம் அவர் அதை வேறு விதமாகச் சொல்கிறார்.

சனிக்கிழமைக்கு வருகிறேன். ஆயர் ஈத்தாம் பசாரில் ஏழு மணிக்கே வாழையிலை முடிந்துவிட்டது. புரட்டாசிச் சனியில் எங்கள் ஆட்களுக்கு வேண்டும். அந்த வாரம் சீனர்களின் ஒன்பது பேரரசர் விழாவும் சேர்ந்துகொண்டது. சீனர்களின் ஒன்பதாம் மாதத்தின் முதல் ஒன்பது நாளும் அவர்களில் பலர் சைவம். எங்கு பார்த்தாலும் மஞ்சள் கொடி கட்டிய சைவக் கடைகள். பினாங்கில் புரட்டாசியும் இந்த விழாவும் ஒன்றாக வரும் வருடங்களில் கோழிக்கடைக்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்து பத்திரிகை படிப்பார். காய்கறி விலை ஏறிவிடும் என்பது உண்மைதான். ஆனாலும் எனக்கு இந்த நாட்கள் பிடிக்கும். வெள்ளை உடுத்திய சீனக் கிழவியும் நாமம் போட்ட நம் கிழவரும் ஒரே சோயாத் தௌகூக் கடையில் வரிசையில் நிற்பது வேறு எந்த மாதத்தில் நடக்கும்?

வீட்டுக்காரர் அரிசிச் சாக்கில் தைத்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பின்னால் வந்தார். 2011 தொடங்கி இந்த மாநிலத்தில் பிளாஸ்டிக் பை இலவசமாகக் கிடைப்பதில்லை. அன்றிலிருந்து அதே பைதான். துவைத்துத் துவைத்து அரிசிப் படம் அழிந்துவிட்டது.

சர்க்கரைப் பொங்கலையும் சுண்டலையும் ஒன்பதரைக்குள் இறக்கி வைத்துவிட்டேன். இடையில் அவர் பால்கனியில் பூச்சட்டித் தட்டுகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்தார். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறப்பதற்கு ஒரு வாரம் பத்து நாள் போதும் என்பதால் சனிக்கிழமைதோறும் தட்டுக் கவிழ்ப்பது எங்கள் வீட்டுச் சட்டம். நாட்டிலும் 1975இலிருந்து அதற்கென்று ஒரு சட்டம் இருக்கிறது. வீட்டுச் சட்டம் அதைவிடக் கடுமையானது. தண்ணீர் தேங்கிய தட்டைக் கண்டுபிடித்தால் அவர் மூன்று நாள் அதைப் பற்றிப் பேசுவார்.

பத்துக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது அந்த இடத்தில் இறங்கினோம்.

பாயா தெருபோங்கைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்: ஒரு பக்கம் மலை, மறுபக்கம் இருபது முப்பது மாடி அடுக்குமாடிகள். இரண்டுக்கும் நடுவில் சரிவாக ஒரு துண்டு நிலம். பழைய பலகைகளால் பாத்தி கட்டி, பழைய டயர்களில் மண் நிரப்பி, கங்கோங், பாயம் கீரை, வெண்டை, கத்தரி, நீளப் பயறு போட்டிருந்தார்கள். வேலியில் சங்குப்பூ. ஓர் ஓரத்தில் மரக்கட்டைக்குள் கெலுலூட் தேனீ. கொடுக்கில்லாத சின்னஞ்சிறு தேனீ அது, மெழுகுக் குடுவைகளில் புளிப்பான தேனைச் சேர்த்து வைக்கும். உறிஞ்சுகுழாயைக் குத்தி நேராக உறிஞ்சச் சொன்னார்கள். வீட்டுக்காரர் உறிஞ்சிவிட்டு, தேன் கெட்டுப்போயிருக்கிறது என்று உரக்கச் சொன்னார். என்ஜின் அறை அவர் காதை வாங்கிக்கொண்டு குரலைப் பெரிதாக்கித் தந்திருக்கிறது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

கீழ்வீட்டு அங்கிள் தன் பாத்தியைக் காட்டினார். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, அவருக்கும் விரதம். அவருடைய பெருமையெல்லாம் ஒரு நீல நிறப் பீப்பாயில் இருந்தது. என்சைம். ஒரு பங்கு பழுப்புச் சர்க்கரை, மூன்று பங்கு பழத்தோலும் காய்கறிக் கழிவும், பத்துப் பங்கு தண்ணீர், மூன்று மாதம் ஊற வேண்டும். பினாங்கில் ஓய்வுபெற்ற சீனர் வீடுகளில் இப்படி ஒரு பீப்பாயாவது இல்லாமல் இருக்காது. தரை கழுவவும் அதுதான், செடிக்கும் அதுதான்.

ஆனால் வீட்டுக்காரர் காதில் விழுந்தது ‘என்ஜின்’. அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்திருக்க வேண்டும். எத்தனை வருடமாக ஓடுகிறது என்று கேட்டார். இரண்டு வருடம் என்றார் அங்கிள். சத்தமே வரவில்லையே என்றார் இவர். முதல் மாதம் சத்தம் வரும், தினமும் மூடியைத் திறந்து காற்றை விட வேண்டும், இல்லாவிட்டால் வெடித்துவிடும் என்றார் அங்கிள். அது சரி, அழுத்தம் ஏறினால் திறந்துவிடத்தான் வேண்டும் என்று இவர் தலையாட்டினார். மலாயில் நடந்த இந்த உரையாடல் பத்து நிமிடம் இரு தரப்புக்கும் முழுத் திருப்தியோடு ஓடியது. எண்ணெய் எப்போது மாற்றுவீர்கள் என்று இவர் கேட்டபோதுதான் அங்கிள் என்னைப் பார்த்தார். நான் கத்தரிச் செடியைப் பார்த்தேன்.

கத்தரியில் பார்க்க வேண்டியது இருந்தது. இலையின் அடியில் வெள்ளை ஈ. மற்றவர்களுக்குத் தெரியாது, தூசி என்று நினைப்பார்கள். மைக்ரோஸ்கோப்பில் முப்பத்தாறு வருடம் பார்த்த கண் அது. தொழிற்சாலை என் கழுத்தையும் தோளையும் வாங்கிக்கொண்டது, இந்தக் கண்ணை மட்டும் விட்டுவைத்தது. பக்கத்துப் பாத்தி மலாய்க்கார மக்சிக்கிடம் காட்டினேன். அவர் முதலில் நம்பவில்லை, மூக்குக்கண்ணாடியை ஏற்றிப் பார்த்துவிட்டு “அல்லா!” என்றார். பிறகு என்னை விடவில்லை. தன்னுடைய பாத்தி, தங்கையுடைய பாத்தி, வராத ஒருவருடைய பாத்தி என்று இழுத்துக்கொண்டு போய்க் காட்டினார். தக்காளியில் மாவுப்பூச்சி, பயறில் அசுவினி. எனக்கு வேலையில் இருப்பது போலவே இருந்தது. மேலாளர் மட்டும்தான் இல்லை. கைம்மாறாக உலாம் ராஜாக் கீரை ஒரு கட்டு, வல்லாரை ஒரு கட்டு, இஞ்சி வகையான காந்தான் கிழங்கு ஒன்று கிடைத்தன. காந்தான் மொட்டு இல்லாமல் லக்சா நூடுல்ஸ் இல்லை, பினாங்கில் குடியிருந்துகொண்டு அதைக் காசு கொடுத்து வாங்குவது கேவலம் என்றார் மக்சிக். நாற்பது வருடமாக நான் அந்தக் கேவலத்தைச் செய்துவருவதை அவரிடம் சொல்லவில்லை.

அன்று வந்திருந்தவர்களில் இளவயதினரே அதிகம். நல்ல பிள்ளைகள். ஆனால் அவர்களில் ஒருவர், மண்ணுக்குத் திரும்ப வேண்டும், நம் முன்னோர் மண்ணோடு எவ்வளவு நிம்மதியாக வாழ்ந்தார்கள் என்று கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார். எனக்கு எரிச்சல் வந்தது. எந்த முன்னோர்? என் பாட்டி மழையில் பெரட்டுக்கு நின்றவர். அட்டை கடித்த காலோடு வெளிக்காட்டில் புல் வெட்டியவர். அவரிடம் போய் மண்ணுக்குத் திரும்புங்கள் என்றிருந்தால் மண்வெட்டியால் பதில் சொல்லியிருப்பார். மண்ணை விட்டு வெளியேறுவதற்கு எங்கள் வீட்டுக்கு மூன்று தலைமுறை ஆயிற்று. இதை நான் அந்தத் தம்பியிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. ‘டப்’ என்று ஒரு வெடிப்பு. சற்று நேரத்தில் இலைச் சருகில் ஏதோ விழுந்து உருளும் ஓசை. அங்கிருந்த யாரும் நிமிரவில்லை. வீட்டுக்காரருக்குக் கேட்க வாய்ப்பே இல்லை. நான் பார்க்காமலே சொல்வேன், அது கித்தாக் காய், அதாவது ரப்பர்க் காய், வெயிலில் வெடிக்கும் சத்தம். சிறு வயதில் பள்ளி விட்டு வரும்போது நிரைக்குள்ளிருந்து நாள் முழுக்கக் கேட்கும். தவிட்டு நிறத்தில் புள்ளி போட்ட கொட்டை. பொறுக்கிப் புறங்கையில் வைத்து ஒன்றின் மேல் ஒன்றாக உடைத்து விளையாடுவோம். சிமெண்டுத் தரையில் தேய்த்துத் தேய்த்துப் பக்கத்துப் பிள்ளையின் தொடையில் சூடு வைப்போம்.

நிலத்தின் மேல்கோடியில், வேலியை ஒட்டி, ஒற்றைப் பால்மரம் நின்றது. முன்பு அந்த மலைச்சரிவில் யாரோ ஒரு சிறுதோட்டக்காரர் வைத்ததில் மிச்சமாக இருக்க வேண்டும். அதன் கழுத்தில் ஓர் அட்டை தொங்கியது, மாணவர்களுக்காக எழுதியது: 1876இல் பிரேசிலிலிருந்து விதையாக லண்டன் கியூ தோட்டத்துக்குப் போனது, அங்கிருந்து 1877இல் 22 கன்றுகளாகச் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவுக்கு வந்தது, ஒன்பது கன்றுகள் பேராவில் கோலகங்சாரில் நடப்பட்டன.

இதில் மிச்சக் கதை எனக்குத் தெரியும். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் எங்கள் வாத்தியார் சொல்லிக் கொடுத்தது. கோலகங்சாரில் அந்த ஒன்பதில் ஒரு மரம் இன்னும் நிற்கிறது. 1888இல் சிங்கப்பூர்ப் பூங்காவுக்குத் தலைவராக வந்த ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையைச் சோதித்துக் காட்டினார். காபித் தோட்டத் துரைகளைப் பார்த்த இடத்திலெல்லாம் சட்டைப் பையிலிருந்து விதையை எடுத்துக் கையில் திணிப்பாராம். அதனால் பைத்தியக்கார ரிட்லி என்று அவருக்குப் பெயர். பைத்தியத்துக்கு ஆயுசு கெட்டி. நூறு வயது வாழ்ந்து 1956இல்தான் இறந்தார். எங்கள் தாத்தாவைக் கப்பலேற்றியது ஒரு வகையில் அந்தச் சட்டைப் பைதான். ஒரு பூங்காவில் அலங்காரக் கன்றுபோல் வந்து நின்றது, பத்திருபது வருடத்தில் காடுகளை அழித்துக்கொண்டு நிரை நிரையாகப் போய்விட்டது. விதை முதலில் போன கியூவுக்கும் தமிழில் தோட்டம் என்றுதான் பெயர், இதற்கும் தோட்டம் என்றுதான் பெயர் என்பது அந்த அட்டைக்கு முன் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது.

அட்டையைவிட மரத்தின் உடம்புதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. யாரோ காகிதம் வெட்டும் கத்தியால் பட்டையைக் கண்டபடி கீறியிருந்தார்கள். குறுக்கே, நெடுக்கே, அம்புக்குறி மாதிரி. பால் ஒழுகிக் கறுத்துக் காய்ந்திருந்தது. பொறுப்பிலிருந்த பெண், இருபத்திரண்டு வயதிருக்கும், நம் பிள்ளைதான், பக்கத்தில் வந்து, “பள்ளிப் பிள்ளைகள் வந்திருந்தார்கள் ஆன்டி, பால் வருகிறதா என்று பார்த்தார்கள்” என்று சங்கடத்தோடு சொன்னாள்.

“பால் வெட்டுவது இப்படி இல்லை அம்மா” என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. பிறகு கையும் தானாகப் போயிற்று. இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே இறங்க வேண்டும். பட்டைக்குள் பால் நரம்புகள் நேராக ஓடுவதில்லை, சற்றுச் சாய்ந்து சுற்றிக்கொண்டு போகின்றன. இந்தச் சாய்வில் வெட்டினால்தான் நிறைய நரம்பு அறுபடும். மரத்தின் பாதிச் சுற்று மட்டும்தான். ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குச் சீவல் விழ வேண்டும், ரொம்ப ஆழம் போனால் உள்ளே மரம் வளரும் சவ்வில் கத்தி பட்டுவிடும். பட்ட இடத்தில் புதுப்பட்டை முடிச்சு முடிச்சாக வரும், அடுத்த முறை அதில் வெட்ட முடியாது. வெயில் ஏறுவதற்கு முன் வெட்ட வேண்டும். விடியற்காலையில்தான் மரத்துக்குள் அழுத்தம் இருக்கும், பால் ஓடும். பத்து மணிக்கு மேல் மரம் வாயை மூடிக்கொள்ளும்.

நான் ஒரு மரத்தைக்கூடக் கூலிக்கு வெட்டியதில்லை. பள்ளி விடுமுறையில் அம்மாவுக்குப் பால் வடியும் மங்கைத் துடைக்கவும் வெட்டில் காய்ந்த கோட்டுப்பாலை உரிக்கவும் போயிருக்கிறேன். அம்மாவுக்குக் காய்ச்சலான ஒரு வாரம், கங்காணிக்குத் தெரியாமல் நிரையின் கடைசி மரங்களை வெட்டியிருக்கிறேன். அதில் இரண்டு மரத்தில் கத்தி உள்ளே போய்விட்டது. காயம் பார்க்க வந்த கிராணி நோட்டில் அம்மாவின் பெயரை எழுதிக்கொண்டு போனார், கூலியில் பிடித்தார்கள். அம்மா யார் வெட்டியது என்று சொல்லவில்லை. காய்ச்சலோடு வேலைக்கு வந்ததற்காக அந்த நோட்டில் எதுவும் எழுதியதாக எனக்கு நினைவில்லை.

அந்தப் பிள்ளை கேட்டுக்கொண்டே இருந்தாள். கேட்டுவிட்டு, அடுத்த சனிக்கிழமை காலையில் பிள்ளைகளை மறுபடி வரச் சொல்கிறேன், நீங்கள் வந்து ஒருமுறை வெட்டிக் காட்டுவீர்களா ஆன்டி என்றாள். முடியாது என்றேன். கை நடுங்கும் என்றேன், அதற்கு உளி வேண்டும், சாதாரணக் கத்தியில் முடியாது, அது இப்போது எங்கே கிடைக்கும் என்றேன்.

“உளியா? எங்கள் வீட்டில் இருக்கிறது” என்றார் வீட்டுக்காரர், மலை எதிரொலிக்க. என்சைம் கேட்காத காதில் உளி மட்டும் எப்படித்தான் விழுந்ததோ.

படையல் பன்னிரண்டரைக்கு நடக்கவில்லை, ஒன்று இருபதுக்கு நடந்தது. அதைப் பற்றி அவர் இரண்டு முறைதான் சொன்னார். மூன்று மணிக்கு மலைப்பக்கம் இருண்டு, கொட்டு கொட்டென்று கொட்டியது. ஐந்தரைக்குப் பெர்ரி பிடித்தோம். அவரோடு வேலை பார்த்த ஒருவருடைய பதினாறாம் நாள். 2023இல் வந்த புதிய பெர்ரிகளில் அவருக்கு மனம் ஒட்டவில்லை. குளிர்சாதனம், ஜன்னல் எல்லாம் மூடியிருக்கிறது, கடல் நாற்றமே வரவில்லை, இது என்ன கப்பலா கிளினிக்கா என்பார். தீவுகளின் பெயர் வைத்த பழைய பெர்ரிகளை ஒவ்வொன்றாகச் சொல்லி, எதில் எந்த என்ஜின் எப்படி இருமும் என்று விவரிப்பார். அன்று அதைச் சொல்லவில்லை. திரும்பும் வழியிலும் பேசவில்லை. சோறு போட்ட வீட்டில் அந்த நண்பரின் படத்துக்கு முன் பழைய பெர்ரிச் சட்டையை மடித்து வைத்திருந்தார்கள்.

ஒன்பது மணிக்கு வீடு வந்ததும் சாமான் பெட்டியைத் திறந்து உளியைத் தேடி எடுத்தார். தோட்டத்தை விற்று லயத்தைக் காலி செய்யச் சொன்னபோது அம்மாவிடமிருந்து நான் வாங்கிக்கொண்டு வந்தது இரண்டே பொருள்: இந்த உளி, ஒரு பீங்கான் மங்கு. மங்கில் பின்னூசிகள் போட்டு வைத்திருக்கிறேன். உளி எங்கே போனதென்று எனக்குத் தெரியாமலிருந்தது. தெரியாமலே இருந்திருக்கலாம். முனையில் வெள்ளைச் சாயம், நீலச் சாயம், அதற்கு மேல் மஞ்சள். எத்தனை தீபாவளிக்கு இந்த மனிதர் இதை வைத்துச் சாயடப்பாவின் மூடியைத் திறந்திருக்கிறார்! வளைந்த வாய் மழுங்கி, ஓரத்தில் ஒரு பல் விழுந்திருந்தது.

நான் போட்ட சத்தம் மேல்வீட்டுக்குக் கேட்டிருக்கும். அவருக்கு எவ்வளவு கேட்டதோ தெரியவில்லை. அரைத் தலையாட்டலோடு பால்கனிக்குப் போய் விளக்கைப் போட்டு, சாணைக்கல்லில் தண்ணீர் தெளித்துத் தீட்ட உட்கார்ந்தார். முதலில் எல்லாக் கத்தியையும் போலத் தட்டையாக வைத்துத் தேய்த்தார். அப்படி இல்லை, உள்வளைவுக்கு மெல்லிய கல் வேண்டும், அம்மா உடைந்த கல்லின் விளிம்பால்தான் தீட்டுவார் என்று உள்ளேயிருந்தே கத்தினேன்.

“என்ன?”

எழுந்து போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, கல்லைத் திருப்பிப் பிடித்துக் காட்டினேன். அவர் அப்படியே தொடர்ந்தார். பல் விழுந்த இடம் ஓர் இரவில் சரியாகாது, ஆறு நாள் இருக்கிறது.

நான் உள்ளே வந்து பின்னூசிகளை ஒரு ஜாம் போத்தலில் கொட்டினேன். மங்கைக் கழுவினேன். அடியில் ஒட்டியிருந்த பழைய பால் கறுப்பாக, நகத்தால் சுரண்டினாலும் வரவில்லை. பால்கனியில் மற்றத் தட்டுகளின் வரிசையில் அதையும் கவிழ்த்து வைத்தேன்.